உதிர்ந்தது பட்டறைக்கு

காளிங்கன் வெட்டிய கிணற்றில் தண்ணீருக்கு முன்னால் கல் வந்தது. அறுபதடி ஆழத்தில், வெடி வைத்துப் பிளந்த வெள்ளைப் பாறையின் வயிற்றுக்குள், ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று பக்கமும் லேசாகப் புடைத்து, மேலிருந்து கீழ்வரை நேர்நேராக வரியோடிய பச்சைக் கல் ஒன்று படுத்திருந்தது. அதைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு மேலேறி வந்த காளிங்கன் வீட்டுக்குப் போகவில்லை, சோறு தின்னவில்லை, நேராகக் கொப்பரைக் களத்து நஞ்சப்பண்ணனிடம்தான் போனான், ஏனென்றால் எங்கள் பாறைவலசில் கிணறு வெட்டுகிறவன் கையில் எந்தக் கல் அகப்பட்டாலும் அது போய்ச் சேரும் இடம் அந்தக் களம்தான் என்பது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.

நஞ்சப்பண்ணனுக்குத் தொழில் தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்துக் கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புவது. ஆனால் பிழைப்பு வேறு, உயிர் வேறு என்று இருந்த மனிதர். வைரம், வைடூரியம் என்று யாராவது பேசினால் கொட்டாவி விடுவார். டூர்மலின் என்று படித்தவர்கள் சொல்லும் தோரமல்லிக் கல் ஒன்று எங்கேயோ கிடைத்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பந்தியில் பாதி இலையில் எழுந்து போய்விடுவார். கொப்பரைத் தட்டுகளில் மணல் பரப்பி, ரோஜா நிறம், கடல் நிறம், தேன் நிறம், வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக அறுத்துவைத்த தர்ப்பூசணித் துண்டு என்று நாற்பத்தேழு கல் வைத்திருந்தார். யார் வந்தாலும் ஒரு கல்லை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டுவார், இளம் பச்சையாகத் தெரியும். அதையே திருப்பித் தலைமாட்டிலிருந்து பார்க்கச் சொல்வார், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரே இருட்டாக இருக்கும். இதைப் பார்த்து வாய்பிளக்காதவர்களுக்கு அவர் வீட்டில் காபி கிடையாது.

நான் அருக்காணி. களத்துக்கு எதிர்வீட்டில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவள். சாணைச் சக்கரம் என் வீட்டுக்காரருடையது. அவர் போன பிறகு நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் நல்ல மனிதர்தான், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் அதிகம். நான் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பினால் ஒரு வார்த்தை பேசமாட்டார், சமாதானம் சொல்லமாட்டார், என் துணிப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். பெட்டி இல்லாமல் எப்படிப் போவது? இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

நஞ்சப்பண்ணன் ஒரு கல்லையும் என் சக்கரத்தில் வைக்க விட்டதில்லை. தீட்டினால் கல் ஊமையாகிவிடுமாம். ஆனால் காளிங்கன் கொண்டுவந்த கல்லின் அடியில் வெள்ளைப் பாறை கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்ததால், முதன்முதலாக என்னிடம் வந்து, பாறையை மட்டும் தட்டி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பாறையோடு கல்லின் ஓரத்திலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில்லும் தெறித்தது. கல் உடையவனுக்கு, உதிர்ந்தது பட்டறைக்கு என்பது எங்கள் தொழில் வழக்கம், யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேற்கு ஜன்னலில் என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி இருக்கிற தகர டப்பாவில் போட்டுவிட்டு அதை மறந்துபோனேன்.

தோரமல்லியை வெயிலில் காயவைத்தால் சாம்பலை இழுக்கும். கல் நிஜமா போலியா என்று பார்க்க அதுதான் சோதனை. சூடேறிய கல்லைத் தேங்காய்த்தொட்டி எரித்த சாம்பலுக்குமேல் பிடித்தால் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொள்ளும், ஆறியதும் உதிர்ந்துவிடும். நஞ்சப்பண்ணனும் அந்தக் கல்லைக் களத்தில் வெயிலுக்கு வைத்தார். உச்சிப்பொழுதுக்குள் அது களத்து அடுப்பிலிருந்த சாம்பலை எல்லாம் இழுத்தது, மூன்று மணிக்குள் தெருவில் இருந்த அத்தனை அடுப்புச் சாம்பலையும் இழுத்தது, பொழுது சாயும்போது கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த பண்டாரத்தின் நெற்றியிலிருந்து திருநீற்றுப் பட்டை மூன்றும் கலையாமல் கழன்று, அவருக்கு முன்னால் காற்றில் போயின. பண்டாரம் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இனிமேல் தண்ணீரில் குழைத்துத்தான் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பில் சாம்பல் அள்ளுகிற வேலை மிச்சம் என்று பெண்கள் நல்லபடியாகவே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள், செத்தவர்கள் வந்தார்கள்.

முதலில் ஊர்ச் சுடுகாட்டிலேயே சாம்பலாகக் கிடந்தவர்கள் வந்தார்கள், எறும்புச் சாரையாகத் தரையோடு ஊர்ந்து, சாக்கடை வந்த இடத்தில் ஒதுங்கி, மாட்டுவண்டி வந்த இடத்தில் நின்று வழிவிட்டு, களத்துக்குள் நுழைந்து, கல்லைச் சுற்றி ஆளுக்கொரு குவியலாக உட்கார்ந்தார்கள். கொடுமுடியில் காவேரியில் கரைக்கப்பட்டவர்கள் இரண்டு வாரம் தாமதமாக, நனைந்த சாம்பலாக, பஸ் வருகிற பாதையிலேயே வந்தார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாழ்ந்தபோது வரப்புக்குச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் களத்தின் இந்த மூலைக்கு ஒருவராக, அந்த மூலைக்கு ஒருவராகப் போய் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் வாசல்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். நஞ்சப்பண்ணனின் மனைவி பாவாயி, இறந்து ஐந்து வருஷமானவள், கூட்டத்துக்குள் நுழைந்து யாரையும் பார்க்காமல் நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் போய், கல்லுக்கும் புருஷன் உட்காருகிற முக்காலிக்கும் நடுவில் இடம் பிடித்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் களத்திலேயே தங்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலில் ஏறி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அரைமனசாகத்தான் களத்துக்குத் திரும்புவார். என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்தேன். நினைத்துச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

ஊர் பழகிக்கொண்டது. பாறைவலசில் விளக்குமாறு பிடிக்கிறவர்கள் களத்துப் பக்கம் போகக் கூடாது என்றும், மின்விசிறியைப் போடுவதற்குமுன் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றும், தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும் என்றும் கட்டுப்பாடு வந்தது. பொழுது சாய்ந்தால் ஆளாளுக்கு ஒரு தம்ளர் காபியோ ஒரு கட்டு பீடியோ எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்த் தங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். சாம்பல் பேசாது, கேட்கும். உயிரோடு இருந்தபோது ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத புருஷன் பெண்டாட்டிகளுக்கெல்லாம் அது பெரிய வரமாகப் போயிற்று. நஞ்சப்பண்ணன் நாற்பத்தேழு கல்லையும் மறந்துவிட்டு அந்த ஒரு கல்லையும் பாவாயியையும் பார்த்தபடி முக்காலியிலேயே கிடந்தார்.

அப்புறம் ஒரு காலையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குவியல் வந்திருந்தது.

எல்லாரும் வந்து பார்த்தார்கள், எங்கள் ஆள் இல்லை, எங்கள் ஆள் இல்லை என்று கையை விரித்தார்கள். பழைய குவியல்கள் எல்லாம் ஆறிப்போனவை. இது மட்டும் அப்போதுதான் எரிந்து அடங்கியதுபோல் சுட்டது. மேலே கையை நீட்டியவர்கள் எல்லாம் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார்கள். காளிங்கனும் நீட்டிப் பார்த்தான். எங்கே சூடு, ஐஸ் பெட்டிக்குள் விட்டதுபோல சில்லென்று இருக்கிறதே என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எரித்துவிட்டு மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போனபோது, சுடுகாட்டில் அந்த இடம் மெழுகிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பொறுக்குவதற்கு ஒரு சிட்டிகை இல்லை. அவன்தான் மூன்று நாளைக்கு முன்பே களத்துக்கு வந்துவிட்டானே.

அடுத்த மாதம் பால் சொசைட்டித் தேவணன். அவனும் கையை நீட்டி, குளிர்கிறது என்று சொல்லிவிட்டு, முகம் வெளுத்து வீட்டுக்குப் போனான். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தான், கட்டிலிலேயே போனான்.

அன்று களத்தில் ஊர் கூடியது. கல் சேதி சொல்கிறதா, ஆளைக் கூப்பிடுகிறதா என்று பேச்சு வந்தது. சேதிதான் சொல்கிறது, சொல்கிறவன்மேல் என்ன தப்பு என்றார்கள் சிலர். எதற்கும் கல்லைக் கொண்டுபோய் எடுத்த கிணற்றிலேயே போட்டுவிட்டால் என்ன, அது வெயிலில் சூடானால்தானே இழுக்கிறது, தண்ணீருக்கடியில் கிடந்தால் அடங்கிவிடுமே என்று பண்டாரம் மெல்லக் கேட்டார்.  ஒவ்வொருவரும் அவரவர் குவியலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நஞ்சப்பண்ணன் பாவாயியைப் பார்த்தபடி, கல் தன்னுடையது, அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்றார், கொஞ்சம் கடுமையாகவே. உள்ளுக்குள் எங்கள் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. போகிறவர்கள் எங்கே போகிறார்கள், இங்கேதானே வரப்போகிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள், அதுவும் சரிதான் என்று கலைந்தோம்.

அதற்குப்பிறகு சாவும் ஒரு முறைக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் களத்தைப் பார்ப்பது, புதுக் குவியல் இருந்தால் ஊரே வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையை நீட்டுவது, சுட்டால் சிரித்துக்கொண்டு பால் வாங்கப் போவது. சுடாதவர்கள் வரிசையை விட்டு விலகி நடப்பதைப் பார்த்து மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வோம். ஆடியில் ஒருவர், ஆவணியில் மூவர். கல்யாணத் தேதி குறிப்பதற்குக்கூட ஜோசியரிடம் போவதற்குமுன் களத்தை எட்டிப் பார்த்தார்கள்.

புரட்டாசியில் நஞ்சப்பண்ணனின் ஒரே மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிள்ளைபெற வரமாட்டேன் என்று ஈரோட்டிலேயே இருக்கப் பார்த்தவள், அம்மா களத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் களத்தில் கால் வைத்ததும், அத்தனை நாளும் கல்லை விட்டு நகராத பாவாயி நகர்ந்து வந்து, வீங்கிப்போயிருந்த மகளின் பாதங்களைச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. நஞ்சப்பண்ணன் எழுந்து வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு அந்தச் சின்னக் குவியல் வந்தது. ஒரு கைப்பிடிகூட இருக்காது.

ஊர் வரிசையில் நின்றது. நான்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். அத்தனை பேருக்கும் சுட்டது, எனக்கும் சுட்டது, நஞ்சப்பண்ணனுக்கும் சுட்டது. அளவைப் பார்த்தால் குழந்தையாக இருக்குமோ என்று ஒருத்தி ஆரம்பித்தாள். குழந்தைகளை நாம் புதைக்கிறோம், எரிப்பதில்லை, சாம்பல் எங்கிருந்து வரும் என்று அவள் வாயை அடைத்தார்கள். பாக்கி இருந்தது சுகந்தி மட்டும். அவள் வரவேண்டாம் என்று நஞ்சப்பண்ணன் வாசற்படியில் கையை விரித்து நின்றார். ஊர் கலையாமல் நின்றது. அவள் அப்பாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு வந்து, சிரமப்பட்டு மண்டியிட்டு, குவியலுக்குமேல் கையை நீட்டினாள். சுடுகிறது என்றாள். எல்லாரும் மூச்சு விட்டோம். கையை எடுக்காமலேயே அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கை சுடுதுங்கப்பா. வயிறுதான் உள்ளுக்குள்ள சில்லுனு இருக்குது."

நஞ்சப்பண்ணன் உள்ளே போய் ஒரு சாக்கை நனைத்து எடுத்துவந்தார். களத்தில் நின்ற எங்களைப் பார்த்து, யாராருக்கு என்ன பேச வேண்டுமோ பேசிக்கொள்ளுங்கள், பொழுது உச்சிக்கு வருவதற்குள் எடுத்துவிடுவேன் என்றார். ஒருவரும் தடுக்கவில்லை, ஆனால் ஒருவரும் தலையாட்டவும் இல்லை. அவர் மகளுக்காக எங்கள் அத்தனை பேரையும் இரண்டாம் தடவை தாலியறுக்கப் போகிறார் என்று பார்வையாலேயே சொன்னோம். நானும்தான் அப்படிப் பார்த்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து பாவாயியிடம் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். அப்புறம் என்னை மட்டும் கூப்பிட்டார், துணைக்கு.

காளிங்கன் வெட்டிய கிணற்றில் இப்போது தண்ணீர் பாதிவரை ஏறியிருந்தது. நஞ்சப்பண்ணன் சாக்கைப் பிரித்துக் கல்லை எடுத்து ஒரு முறை பக்கவாட்டில் பிடித்து வெயிலில் பார்த்தார். ஊரையே பைத்தியமாக்கிய அந்தப் பச்சை அவர் முகமெல்லாம் விழுந்தது. அப்புறம் திருப்பித் தலைமாட்டிலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தேவணன் போனப்பவே போட்டிருக்கோணும் அம்மிணி. எம் பொண்டாட்டி பக்கத்துல உக்கோந்திருந்தா, ஊரான் சாவு எனக்குப் பெருசாப் படல."

நான் அவரை நன்றாகத் திட்டினேன். வயசுக்கு ஏற்ற புத்தி வேண்டாமா, பிள்ளைகுட்டிக்காரர்கள் எத்தனை பேர், உங்கள் ஒருவர் ஆசைக்கு ஊரைக் காவு கொடுக்கவேண்டுமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லைத் தண்ணீரில் விட்டார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

நாங்கள் திரும்பியபோது களத்தில் குவியல்கள் இருந்தன, ஆனால் ஆட்கள் இல்லை. டீக்கடைக்காரர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியவில்லை. மேல்காற்று வந்தது, மிச்ச வேலையை அது பார்த்துக்கொண்டது. அந்தச் சின்னக் குவியலும் போயிற்று. சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதைக்கிறது, உதைக்கிறது என்று சிரித்து அழுதாள். எட்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. பாவாயி என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று பாவனா என்று பேர் வைத்தார்கள். ஆக, கல் சேதி சொல்லவில்லை, கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று ஊருக்குப் புரிந்தது. 

கல்லைக் கிணற்றில் போட்ட அன்று ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நான் பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்கு வெயில் ஜன்னலில் இறங்கி, தகர டப்பாமேல் விழுந்து, டப்பா தொட்டால் சுடுகிற அளவுக்கு ஏறியிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஜன்னல் விளிம்பில் ஏறி, எப்போதும்போல் கொஞ்சம் தயங்கி, என் வீட்டுக்காரர் வந்தார். வந்து டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குச் சில்லு ஞாபகம் வந்தது. தினமும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனது என்மேல் உள்ள பிரியத்தால் இல்லை என்பதும் புரிந்தது. புரிந்தால் என்ன, வந்துவிட்டாரே. ஊரில் எல்லாரும் இரண்டாம் முறை துக்கம் காத்த அந்த வாரத்தில் நான் ஒருத்தி மட்டும் கதவுக்குப் பின்னால் சந்தோஷமாக இருந்தேன். புளியங்கொட்டை அளவுக் கல்தானே, ஓர் ஆளைத்தான் இழுக்கும், அதற்குமேல் அதற்குத் தெம்பு ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நஞ்சப்பண்ணனைத் திட்டிய வாய்தான் அதைச் சொன்னது.

நேற்றுக் காலையில் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை வந்திருக்கிறது. கையை நீட்டினேன், சுட்டது.

வேறு யாருடையதாகவாவது இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். இன்று காலையில் நஞ்சப்பண்ணன் கைமாற்றாகக் கொஞ்சம் சீனி வாங்க வந்தார். பேத்தி நேற்றிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை என்றார், உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது, பனிக்காற்றுதான், ஒன்றும் இருக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார். என் முகத்தை ஒரு முறை பார்த்தார். ஜன்னலை ஏன் துணிபோட்டு மூடியிருக்கிறாய் என்று கேட்டார். கண்ணுக்கு வெயில் ஆகவில்லை என்றேன். சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் டப்பாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கிணற்று மேடு வரைக்கும் போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன். வந்து ஜன்னல் துணியை விலக்கி, அதை இருந்த இடத்திலேயே வைத்தேன், வெயில் விழுகிற இடத்தில்.

நாளை மூன்றாம் நாள். இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, அவர் வந்துவிட்டார். நாளை விடிந்ததும் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன், இன்று ஒருநாள்தான், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். எதிர்வீட்டில் குழந்தை அழுவது கேட்கிறது, காலையில் கேட்டதைவிட மெலிசாக. அவர் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. மெல்ல நகர்ந்து வந்து, டப்பாவின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.